எட்டாம் பதிப்புக்காரர்கள்

சந்தோஷம் வந்தால் எனக்கு விக்கல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரீட்சையில் தேறியபோது விக்கினேன், கல்யாணத்தன்று விக்கினேன், மூத்தவள் பிறந்த அன்று நர்ஸ் என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார். ஆகவே இன்ஸ்பெக்டர் மேடம், நான் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் தண்ணீர் நீட்டியதற்கு நன்றி, ஆனால் இது பயத்தில் வந்த விக்கல் இல்லை. ஒன்றரை மாதமாக மனதுக்குள் வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்ததை ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லப்போகிறேனே என்ற குஷி.

என் வக்கீல் வெளியே நிற்கிறார். "கைத்தவறுதலா விட்டுப்போச்சுன்னு ஒரே வரி சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று படித்துப் படித்துச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பதினாறு வருடமாக நிரல் எழுதுகிறவன் நான். கைத்தவறுதல் என்று சொன்னால் நாளைக்கு என் பெண்கள் என்ன நினைப்பார்கள்?

எங்கள் கம்பெனி செய்வது நல்ல காரியம். சர்க்கரை நோய்க்காரர்கள் மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை உண்டு, கோட்டுப் பொத்தான் அளவில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது சர்க்கரையின் அளவைப் பார்த்து ஃபோனுக்குச் சொல்லும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் ஃபோன் கத்தும். சத்தத்தை அணைத்து வைத்திருந்தாலும் கத்தும். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சர்க்கரை கூடுவதைவிடச் சடாரென்று இறங்குவதுதான் ஆபத்து. தலை சுற்றும், புத்தி தடுமாறும். அந்த நேரத்தில் இனிப்பாக ஒரு வாய் போட்டுக்கொண்டால் கால் மணி நேரத்தில் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். போட்டுக்கொள்ளாவிட்டால் எழ மாட்டார்கள். இவ்வளவுதான். அந்தக் கத்தலை எழுதியவன் நான்.

என் மேஜையின் கீழ் இழுப்பறையில் பதினோரு பழைய ஃபோன்கள் இருந்தன. மற்றவர்கள் புதிய ஃபோனில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார்கள். நான் மட்டும் ஒவ்வொரு பழசிலும் ஓட்டிப் பார்ப்பேன். ஒன்றுக்குக் குண்டன் என்று பெயர், ஒன்றுக்கு விரிசல், எல்லாவற்றிலும் மூத்ததற்குப் பெரியப்பா. ஆபீசில் எனக்குக் காயலான்கடை என்று பட்டம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பழைய ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்பதை அந்தப் பட்டம் தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

அவர்களில் ஒருவர்தான் தையல்காரம்மா. ஐம்பத்தெட்டு வயது, தனியாள், கீழே கடை, மாடியில் வீடு. ஒரே மகள் வேறு ஊரில். மகள் தள்ளிவிட்ட ஃபோன்தான் அவரிடம் இருந்தது, அதற்குள் ஓடிய இயங்குதளம் எட்டாம் பதிப்பு. ஒரு தடவை அது கத்தி அவர் பிழைத்தார். எப்படியோ என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். "தம்பி, நீங்கதான் இதைக் கத்த வெச்ச ஆளா? இது மட்டும் கத்தலைன்னா நான் மிஷின் மேலயே கவுந்திருப்பேன்" என்றார். அன்று எனக்கு முக்கால் மணி நேரம் விக்கல் நிற்கவில்லை.

அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை பேசுவார். ஊசி போட்டேன், சாப்பிட்டேன், வில்லை மாற்றினேன், நம்பர் சரியா என்று ஒப்பிப்பார். ஃபோனிலேயே என் உயரம், கழுத்து அளவு, கை நீளம் எல்லாம் கேட்டு ஒரு சட்டை தைத்துத் தபாலில் அனுப்பினார். என் வலது கை இடது கையைவிட அரை அங்குலம் நீளம். கடைச் சட்டைகளில் ஒரு தடவைகூட இரண்டு மணிக்கட்டும் ஒன்றாக மூடியதில்லை. இதில் மூடின. ஒரு நாள், மகள் புது ஃபோன் வாங்கி அனுப்பியிருப்பதாகவும், மாற்றலாமா வேண்டாமா என்றும் கேட்டார். "எதுக்கும்மா? பழகின கை. இருக்கறதே போதும். நான் இருக்கேன்ல" என்றேன். பெட்டியைப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்துவிட்டதாகச் சொன்னார்.

இப்போது தொழில் விஷயம் கொஞ்சம். பயப்படாதீர்கள், சுலபமானது. ஃபோனுக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு வருடா வருடம் புதுப் பதிப்பு வரும். அதோடு, நேற்றுவரை தங்கமாக உழைத்த ஏதாவது ஒரு மெத்தடின், அதாவது நாங்கள் நிரலில் கூப்பிடும் கட்டளையின், பெயர் மேல் குறுக்கே ஒரு கோடு விழும். இனி இதைத் தொடாதே, புதியதைப் பிடி என்று அர்த்தம். டெப்ரிகேட் ஆகிவிட்டது என்போம். உடனே சாகாது, சோறு போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கத்துவதற்கு வைத்திருந்த மெத்தடுக்கு அந்தக் கோடு விழுந்தது. ஒன்பதாம் பதிப்பில் புதியது ஒன்று வந்திருந்தது. பதினொன்றில் பழையது ஊமையாகிவிடும் என்றார்கள். எட்டாம் பதிப்புக்கோ புதியது என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே, ஒன்பதோ அதற்கு மேலோ என்றால் புதியதைக் கூப்பிடு, எட்டோ அதற்குக் கீழோ என்றால் பழையதைக் கூப்பிடு என்று எழுத வேண்டும். காலைக் காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

ஆனால் மேலாளர் கூட்டம் போட்டார். நிதானமான பெண்மணி, குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திரையில் ஒரு வட்டம் காட்டினார். எட்டாம் பதிப்பில் இருப்பவர்கள் அதில் ஒரு நூல் கனத்துக்குத்தான் தெரிந்தார்கள். அறுபத்தொரு பேர். ஏழிலும் ஆறிலும் ஒரு ஈ காக்கை இல்லை. இந்த அறுபத்தொரு பேருக்காக ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதி இரண்டு முறை சோதிப்பது கட்டுப்படியாகாது என்றார்.

நான் எழுந்து அவர்களைப் பற்றிச் சொன்னேன். பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார், நீச்சல் சொல்லித்தந்து ஓய்வுபெற்றவர் ஒருவர், ஒரே ஃபோனுக்குச் சண்டை போடும் இரட்டையர் இருவர், தையல்காரம்மா. யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. "யாரையும் நடுத்தெருவுல விடப்போறதில்லைப்பா" என்றார். தானாகக் கத்தும் ஒரு சின்னப் பெட்டியை அறுபத்தொரு பேருக்கும் தபாலில் அனுப்புவார்களாம், இலவசமாக. ஃபோன் எதுவாக இருந்தாலும் கவலையில்லையாம். பெட்டி வந்து சேர மூன்று மாதம் ஆகும், அதுவரை ஓட ஒரு கடைசி வெளியீட்டை மட்டும் நான் எழுதிக்கொடுத்துவிட வேண்டும்.

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஒருவன்தான் அதன் உள்குத்தைப் பார்த்தேன். பெட்டி கத்தும், சரி. பெட்டியைக் கூப்பிட்டு வில்லை மாற்றினேன் என்று யார் சொல்வார்கள்? அறுபத்தொரு மனிதர்களை அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி வாசலில் வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

யோசனை மறுநாள் காலை ஆபீஸ் பஸ்ஸில் வந்தது. அந்த நூல் கனத்தை யாரும் மனிதர்களாகப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் ஆவதில்லை? நான் பார்த்துக்கொள்வதால். நான் ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்ளாவிட்டால் அவர்கள் இருப்பது ஊருக்கே தெரியும். இத்தனை எளிமையா என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி மிச்ச தூரத்தை ஏறக்குறைய ஓடியே போனேன்.

அன்று காலை முதலில் சரியாகத்தான் எழுதினேன், அதுவும் உண்மை. எட்டோ அதற்குக் கீழோ. பத்தொன்பது நிமிடம் கழித்து ஒரு சமக்குறியை எடுத்தேன். எட்டுக்குக் கீழே என்று ஆனது. ஒன்பதும் மேலும் ஒரு பக்கம், எட்டுக்குக் கீழே இன்னொரு பக்கம். நடுவில் எட்டு மட்டும் எந்தக் கதவிலும் நுழையாமல் நின்றது. பிழைச் செய்தி வராது. செயலி நின்றுபோகாது. திரையில் எண் அழகாக ஓடும், கத்த வேண்டிய நேரத்தில் மட்டும் கத்தாது. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சிக்கனமாக எதையும் எழுதியதில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். துணி மடிக்கும்போது விசில் அடித்தேன். என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன, ஐயா மறுபடியும் காதல்ல விழுந்துட்டாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று அவளைச் சமையலறையிலேயே இரண்டு சுற்று சுற்றினேன். பெண்கள் கைதட்டினார்கள். இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு இருந்ததில்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தடங்கல்தான் இருந்தது. எங்களிடம் யார் எழுதினாலும் இன்னொருவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் நிரலைச் சோதிப்பவளை நாங்கள் கமா என்று கூப்பிடுவோம். எவ்வளவு பெரிய கோப்பு கொடுத்தாலும் விட்டுப்போன கமாவைக் கண்டுபிடித்துவிடுவாள். அவளும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், எங்கள் சின்னவளுக்கு எழுத்து அறிமுகப்படுத்தியதே அவள்தான். பதினொன்று, பத்து, ஒன்பது மூன்றிலும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு என் இழுப்பறையைக் காட்டி, "எட்டு?" என்றாள்.

"எட்டை நான் பாத்துட்டேன்."

அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். எட்டை நான் பார்த்துவிட்டேன் என்றால் எங்கள் ஆபீசில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்த மரியாதைக்காக நான் பதினாறு வருடம் உழைத்திருக்கிறேன்.

வெளியீடு போனது. முதல் மூன்று நாள் ஒன்றுமே நடக்கவில்லை. புகார்கள் வந்து குவியும் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது, கத்தாததைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்? கொஞ்சம் சோர்ந்துபோனேன். வில்லையின் எண்கள் எங்கள் சர்வருக்கும் வரும். அறுபத்தொரு பேருடைய எண்களையும் ஒரே பக்கத்தில் பார்க்கிற மாதிரி செய்து, திரையின் ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். நான்காம் நாள் பஸ் கண்டக்டர் அறுபத்தைந்துக்கு இறங்கினார். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அவரே ஏதோ எடுத்துச் சாப்பிட்டிருக்க வேண்டும், எண்பதுக்கு ஏறிவிட்டார். சர்க்கஸில் கம்பியில் நடப்பவன் வழுக்கிவிட்டு நிமிர்வதைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு இருபது. தையல்காரம்மா எண்பத்தொன்று. அடுத்தது எழுபத்துமூன்று. அடுத்தது அறுபத்தாறு.

அன்று மேலாளருக்குப் பிறந்தநாள். கூடத்தில் கேக் வெட்டிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு. எனக்கு விக்கல் ஆரம்பித்தது. கமா ஒரு தட்டில் என் பங்கைக் கொண்டுவந்தாள், மேலே க்ரீம் ரோஜா இருந்த துண்டாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள். நான் அந்தப் பக்கத்தைச் சின்னதாக்கிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டேன். என் முதுகில் இரண்டு தட்டு தட்டி, "யாரோ உன்னை நெனைக்கறாங்கடா" என்றாள். அவள் போன பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பத்தொன்பது.

நாற்பத்துமூன்று. முப்பத்தெட்டு. கேக் நன்றாக இருந்தது, கொஞ்சம் திகட்டியது. நாலரை மணிக்குள் அந்த வரிசையில் எண்ணுக்குப் பதிலாக ஒரு சின்னக் கோடு வந்து நின்றது.

மறுநாள் மகள் எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார். ரவிக்கை வாங்க வந்த வாடிக்கைக்காரர் மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நான் கணக்குப் போட்ட மாதிரியே நடந்தது. மேலாளர் எங்கள் எல்லார் முன்னாலும் அழுதார். நான் ஓடிப்போய் நான்கே நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்துச் சமக்குறியைத் திரும்பப் போட்டேன். பெட்டித் திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். இனி ஒரு பழைய ஃபோனையும் கைவிடுவதில்லை, எந்த மெத்தடுக்குக் கோடு விழுந்தாலும் பழையதும் புதியதும் ஐந்து வருடம் சேர்ந்தே ஓட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வந்தது. அதற்கு நான்தான் பொறுப்பாளர். இழுப்பறை ஒரு அறையாக மாறியது. கதவில் பலகை மாட்டினார்கள். இரட்டையரில் ஒருவர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார்.

கமாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையெழுத்து அவளுடையது, யாரையாவது அனுப்பியாக வேண்டும். லிப்ட் வாசலில் கையில் அட்டைப்பெட்டியோடு நின்றாள். "நீ எட்டைப் பாத்தேன்னு சொன்னியேடா" என்றாள். கோபம் இல்லை, குழப்பம்தான். "பாத்தேன்" என்றேன். பொய் சொல்லவில்லை, மேடம். என்னைவிட அதை நன்றாகப் பார்த்தவர் கிடையாது.

காரியத்துக்கு அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அம்மா உங்களைப் பத்திப் பேசாத நாளே கிடையாதுங்க. புது ஃபோனைக்கூட நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னு பிரிக்கவே இல்லை" என்றார். பீரோ மேல் பெட்டி அப்படியே இருந்தது. சொந்தப் பெண்ணின் பேச்சைவிட என் பேச்சுக்கு மதிப்பு கொடுத்திருக்கிறார். நிறைய பேர் இருந்த இடம், விக்கலை அடக்கப் பெரும்பாடுபட்டேன்.

கமா என்னை விட்டுவிடுவாள் என்று நினைத்ததுதான் நான் செய்த ஒரே தவறு. வீட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். நிரலில் யார் எந்த நிமிடத்தில் என்ன மாற்றினார்கள் என்பது அழியாமல் இருக்கும். கம்பெனியில் மன்றாடி அதை வாங்கிப் பார்த்திருக்கிறாள். பத்து பன்னிரண்டுக்குச் சமக்குறி இருக்கிறது, பத்து முப்பத்தொன்றுக்கு இல்லை. விட்டுப்போனது வேறு, எடுத்தது வேறு. அந்தச் செவ்வாய் மதியம் முழுக்க அறுபத்தொரு பேரின் எண்கள் ஓடிய அந்தப் பக்கம் யாருடைய திரையில் திறந்திருந்தது என்பதையும் எடுத்துக்கொண்டுதான் உங்களிடம் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. அவளை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள நானே மேலாளருக்கு எழுதுகிறேன்.

இப்போது நீங்கள் அந்தத் தாளை என் பக்கம் தள்ளுகிறீர்கள். தெரியும், தொலைபேசிக் கம்பெனி கொடுத்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு நாற்பத்தெட்டு, அவர் நம்பரிலிருந்து என் நம்பருக்கு, ஆறு நிமிடம். அவர் செய்த கடைசி அழைப்பு. என் வக்கீலுக்கு இது தெரியாது.

கேக் தட்டோடு படிக்கட்டுப் பக்கம் போய்ப் பேசினேன். அவருக்கு நாக்கு குழறியது. கை நடுங்குகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண் என்னவோ மாதிரி இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"ஆனா ஃபோன் கத்தலியே தம்பி. அப்ப எனக்கு ஒண்ணும் இல்லதானே?"

மேஜையில் ஒரு டப்பா நிறையச் சர்க்கரை வைத்திருப்பார். கைக்கெட்டும் தூரம். அது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்போது யோசித்துப் பாருங்கள், மற்ற அறுபது பேரின் கதி என்ன ஆவது?

"கத்தலைன்னா ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் படுத்துக்கோங்க" என்றேன்.

சரிப்பா என்றார். கட்டில் கிரீச்சிட்டது. ஃபோனை அணைக்க மறந்துவிட்டார். நானும் அணைக்கவில்லை. அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், சிக்னல் போகிறவரை. அப்புறமும் விடவில்லை, மேஜைக்குப் போய்க் கோடு வருகிறவரை எண்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மகள் வேறு ஊரில், கம்பெனி கேக் தின்றுகொண்டிருந்தது. அவரைக் கைவிடாமல் கடைசிவரை கூடவே இருந்தது நான் ஒருவன்தான் மேடம், அதை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.